அரம் தின்ற இடம்

சாந்தேத்தியேனில் மழை. கடை சாத்தும் நேரம்.
பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் ஒடீல் ஷபனெல்
ஈரச் சைக்கிளை மேசைமேல் சாய்த்து
"கீழ்க்குழாயில் ஒரு சத்தம். ஏற்றத்தில் மட்டும்.
ஃபா-வுக்குக் கொஞ்சம் கீழே" என்றாள்.
நான் காதை நம்பாதவள். விரலால் தடவினேன்.
பெடல் அச்சுக்கு ஒரு விரற்கடை மேலே
பெயிண்டில் மயிரிழை.
நகம் மாட்டியது.

யானிக் எட்டிப் பார்த்தான்.
"டிக் வெல்டிங் போடு. பத்து நிமிடம்.
சனிக்கிழமை அவளுக்கு லியோனில் கச்சேரி."
தவறில்லை அவன் சொல்வது.
டங்ஸ்டன் ஊசி, ஆர்கான் மூச்சு,
அடுக்கிவைத்த சில்லறைபோல் விழும் தையல்.
குழாயே உருகிக் குழாயோடு கலக்கும்.
பிறகு பிரிக்க ரம்பம்தான் வேண்டும்.

நான் வெள்ளியை நினைத்தேன்.
குறைந்த சூட்டில் ஓடும், மெல்லிய சுவருக்கு நோகாது.
ஆனால் வெள்ளிக்கு இடுக்கு வேண்டும்,
ஒரு தாள் நுழையும் அளவுக்கு, அதற்குமேல் கூடாது.
இங்கே மூட்டுக்கு உறை இல்லை,
வெறுங்குழாய்மேல் வெறுங்குழாய்.
மூலையை நிரப்பிக் கட்டுவது
வெள்ளியின் வேலை இல்லை.

"உனக்கு எதைக் கொடுத்தாலும் பித்தளைதானே"
என்றான் யானிக்.
பொடிவைத்துப் பேசுவது அவன் பழக்கம்.
பொடிவைத்து ஊதுவது என் பிழைப்பு.
பதில் சொல்லாமல் சுரண்டியை எடுத்தேன்.

பச்சைப் பெயிண்ட். அதன் கீழே சாம்பல்.
அதன் கீழே
பல்லிளித்தது பித்தளை.

பேச்சு முடிந்தது.
பித்தளை பட்ட எஃகில் டிக் சுடரைக் காட்டினால்
துத்தநாகம் புகையும்,
செம்பு எஃகின் மணிகளுக்கிடையே இறங்கும்,
ஆறும்போதே விரிசல் விடும்.
அவனுக்கும் தெரியும். தோளைக் குலுக்கிவிட்டுக்
காப்பி போடப் போனான்.
இவ்வளவு நேரம் நாங்கள் விவாதித்ததை
எவரோ எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தார்.

எவரோ.
இன்னும் சுரண்டினேன்.
மூட்டின் வளைவு அழகாக இருந்தது.
தேவைக்கு மேல் அழகு.
பித்தளை எங்கே முடிகிறது, எஃகு எங்கே தொடங்குகிறது
என்று விரலுக்கே தெரியாதபடி
அரைவட்ட அரத்தால் இழைத்து இழைத்து,
இடதுகைக்காரர் தள்ளுகிற சாய்வில்.

சுரண்டி என் இடதுகையில் இருந்தது.

பதினோரு வருடம். வேறொருவர் பட்டறை,
வேறொருவர் பெயர்ப் பட்டை, நாளுக்கு இரண்டு சட்டம்.
விளிம்பு மறைந்தால்தான் கூலி.
பித்தளையைத்தான் தேய்க்கிறேன் என்றிருந்தேன்.
ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த சுவரில்
கால்வாசியைத் தின்றிருக்கிறது அரம்.
விரிசல் அந்தத் தடத்தைவிட்டு
இப்படி அப்படி நகரவில்லை.

ஒடீலிடம் சொன்னேன்.
"ஃபா-வுக்குக் கீழேதானே?" என்றாள்.
எனக்குத் தெரியாது என்றேன்.

பித்தளைக்கு ஒரு குணம், சூடு காட்டினால் விட்டுக்கொடுக்கும்.
வெண்காரம் கண்ணாடியாகி வழிய
குழாய் கையோடு வந்தது.
புதுக்குழாயின் வாயை மூட்டுக்கேற்பக் கடைந்து
மறுபடி பித்தளை,
செம்மை வெளுக்குமுன் சுடரை விலக்கி விலக்கி.
வெந்நீரில் ஊறவைத்துக் கழுவியபோது
மேடும் பள்ளமுமாக நின்றது வளைவு.
அரம் ஆணியில் தொங்கியது.

"இழைக்கலையா? அசிங்கமா இருக்கு."
"இருக்கட்டும்."

பில்லில் குழாய்க்கு மட்டும் விலை போட்டேன்.

அன்றிரவு டிராமில் போகும்போது
கம்பங்களில் பூட்டிக்கிடந்த சைக்கிள்களின் மூட்டுகளை
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன்.
நாளுக்கு இரண்டு, இரண்டு வருடம்.
தெருவிளக்கில்
எல்லாமே வழவழவென்று இருந்தன.